தங்கச் சுரங்கத்தில் பங்கா? வாரண்டா?

"வாரண்டு" என்றதும் போலீஸ்காரர் ஞாபகம்தான் வரும். பயப்பட வேண்டாம்! இது வேறு வாரண்டு.

கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகிவிட்ட இடம், கோவை சரவணம்பட்டி. கைபோனிலேயே வெளிநாட்டுப் பங்கு வாங்கும் காலம் இது. கனடாவின் டொரண்டோ சந்தையில் சுரங்கக் கம்பெனிகளின் பங்குகள் விற்கின்றன. சில கம்பெனிகளின் வாரண்டுகளும் விற்கின்றன. எது நல்லது?

நிலத்துக்கு அச்சாரம்

பங்கு வாங்கியவர் கம்பெனிக்குக் கூட்டாளி. லாபம் பிரித்தால் அவருக்கும் உண்டு. வாரண்டு வாங்கியவர் கூட்டாளி அல்ல. குறித்த கெடுவுக்குள், குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை மட்டுமே அவருக்கு உண்டு.

நிலத்துக்குக் கொடுக்கும் அச்சாரம் போன்றது இது. கெடு தவறினால் பணம் போச்சு! ஆனால், அச்சாரம் கிரயத்தில் கழியும். சந்தையில் வாரண்டுக்குக் கொடுத்த பணம் கழியாது.

ஒரு கணக்கு

பங்கு விலை 10 டாலர், வாரண்டு விலை 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2 ஆண்டுக்குள் 10 டாலர் கட்டிப் பங்கு வாங்கலாம்.

கெடு நாளில் பங்கு 15 டாலர் ஆனால், பங்குக்காரருக்குப் போட்டதில் பாதி லாபம். வாரண்டுக்காரருக்கோ 2 டாலருக்கு 3 டாலர் லாபம்!

பங்கு 9 டாலராக இறங்கினால்? பங்குக்காரருக்கு 1 டாலர் நஷ்டம். வாரண்டுக்காரருக்கு முழுப் பணமும் நஷ்டம்.

ரூபாய் செய்யும் வேலை

இதற்குள் டாலர் 60 ரூபாயிலிருந்து 66 ரூபாய் ஆனது என்போம். 600 ரூபாய்ப் பங்கு, 9 டாலரானாலும் 594 ரூபாய் பெறும். நஷ்டம் 6 ரூபாய்தான். காலாவதியான வாரண்டோ பூஜ்யம். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யமே!

விலை ஏறிய வாரண்டைப் பங்காக மாற்றவும் 600 ரூபாய் போதாது. 660 ரூபாய் ரொக்கம் வேண்டும். டாலர் விழுந்தாலோ பங்குக்காரருக்கும் அடிதான். 1966 ஜூன் 6-ல், 4.76 ரூபாயாக இருந்த அமெரிக்க டாலர் ஒரே நாளில் 7.50 ரூபாய் ஆயிற்று!

கோலார் சொல்லும் பாடம்

தமிழ்க் குடும்பங்கள் பல உழைத்த கோலார் தங்கவயலை 1880-களில் லண்டன் கம்பெனிகள் நடத்தின. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை மிஞ்சியது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது.

சுரங்கத்துக்கு நல்ல காலம் தாமதமாக வந்தாலும் பங்குக்காரர் காத்திருக்கலாம். வாரண்டுக்காரர் காத்திருக்க முடியாது.

பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணத்தை வாரண்டில் போடாதீர்கள். போனாலும் குடும்பம் தாங்கும் என்ற பணத்தை மட்டும் போடுங்கள். கெடுத் தேதியை முதலில் காலண்டரில் குறித்துவிடுங்கள்!