நோய் தணிந்தபின் மருந்து

தலைநோவுக்கு மருந்துண்பவன் நோவு விட்டதும் மருந்தை விடுகின்றான். அதில் தவறில்லை. ஆயின், நோய் நீங்குதல் வேறு. நோய் தணிதல் வேறு. பெருங்குடற் புண்ணழற்சி என்னும் நோய், பெருங்குடலை முற்றாக அறுத்து அகற்றினாலன்றி, தணிவதேயல்லாமல் நீங்குவதில்லை. அந்நோயாளி நலமாயிருக்கும் காலத்திலும் மருந்துண்ணல் வேண்டுமா, வேண்டுமாயின் எம்மருந்தை எத்துணைக் காலம் உண்ணல் வேண்டும் என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

1859ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் சாமுவேல் வில்க்ஸ் இந்நோய் பற்றி எழுதினார். அது மலக்குடலில் தொடங்கி, இடைவிடாது மேனோக்கிப் பரவி, குடலின் உட்சவ்வைப் புண்ணாக்கும். குருதியும் சளியும் கலந்த கழிச்சல் அதன் அடையாளம். கிருமியால் வரும் வயிற்றுளைவு என இதனை மயங்குவாரும் உளர். பெரும்பாலும் இளமையிலேயே தொடங்குவதால், கல்லூரிகளில் இருப்போர் இதனை அறிந்திருத்தல் தகும்.

ஒக்ஸ்போட் நகரில் ட்ரூலவ், விற்ஸ் என்னும் வைத்தியர் இருவர் 1955இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பமாகும். நோயாளர் 210 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்குக் கோட்டிசோனும் மற்றவர்க்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் அளித்தனர். ஆறு வாரத்தில் நோய் தணிந்தோர் முன்னவருள் நூற்றுக்கு 41 பேர். பின்னவருள் 16 பேரே. எனினும் தணித்த மருந்தே காக்கவும் வல்லதாதல் வேண்டும் என்பதில்லை. நலமடைந்தபின் கோட்டிசோனைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது அது நோய் மீளுவதைத் தடுக்கவில்லை. நெடுங்காலம் உண்டார்க்கு எலும்பு நலிவும் கண்புரையும் நீரிழிவும் நேர்தலும் உண்டு. எனவே, எரியும் வீட்டை அணைக்க வந்த நீரை, தீயணைந்த பின்னும் கூரைமேல் ஊற்றிக்கொண்டிருத்தல் கூடாது என வைத்தியர் உணர்ந்தனர்.

காக்கும் மருந்து வேறோரிடத்திற் பிறந்தது. சுவீடன் நாட்டுப் பெண் வைத்தியர் நன்னா சுவாட்ஸ், மூட்டுவாதத்தை எண்ணி, சல்பாபிரிடீனையும் சலிசிலிக் அமில வகையொன்றையும் பிணைத்து ஆக்குவித்த மருந்து சல்பசலசீன். அது குடற்புண்ணுக்கு நற்பயன் தருவதை 1942இல் வெளியிட்டார். தணிந்த நோயை அது காக்கும் என்பது 1965இல் ஒப்பீட்டுச் சோதனையால் நிறுவப்பட்டது.

ஆயினும் நோயாளியின் உள்ளத்தெழும் ஐயம் தீரவில்லை: “ஓராண்டாக நலமாயிருக்கின்றேனே, இனியும் வேண்டுமா?” நியாயமான வினாவே இது. மருந்தால் நலமா, மருந்தின்றியே நலமா என்பதை நலமாயிருப்பவனைப் பார்த்து அறிய முடியாது. நிறுத்திப் பார்த்தே அறியலாம். திசநாயக்க, ட்ரூலவ் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில் அதுவே செய்யப்பட்டது. சல்பசலசீன் உண்டு ஓராண்டேனும் நோயின்றியிருந்த 64 பேருள் ஒரு பகுதியார்க்கு அவரறியாமற் போலி மாத்திரை அளிக்கப்பட்டது. ஆறு திங்களில் போலி மாத்திரை பெற்றாரிடை நோய் மீண்ட வீதம் மருந்துண்டாரிடை மீண்டதினும் நான்கு மடங்குக்கு மேலாயிற்று. அச்சிலர் அடைந்த துன்பத்தின் பயனையே பின்வந்த நோயாளர் இன்றும் துய்க்கின்றனர் எனல் மிகையன்று.

அளவு பற்றிய ஆய்வும் கருதத்தக்கது. இன்று வங்காளதேசத்தில் புகழ்பெற்று விளங்கும் ஆசாத் கான், ட்ரூலவுடன் 1980இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு திங்களில் நோய் மீண்டோர், நாளொன்றுக்கு 1 கிராம் உண்டாருள் நூற்றுக்கு 33 பேர். 2 கிராம் உண்டாருள் 14 பேர். 4 கிராம் உண்டாருள் 9 பேர். மிகுந்த அளவே சிறந்தது எனத் தோன்றும். ஆனால் 4 கிராம் உண்டார்க்குக் குமட்டல், தலைநோவு முதலிய தொல்லைகளும் மிகுந்தன. ஆதலின் 2 கிராமே பொருத்தம் என முடிவு செய்தனர். மருந்தின் வன்மையையும் நோயாளியின் பொறுதியையும் ஒருங்கு நிறுத்த முடிபு இது. பயன் தருவது சலிசிலிக் பகுதி என்பதை அவரே 1977இல் காட்டியிருந்தார். தொல்லை தருவது பெரும்பாலும் சல்பா பகுதி. அதன் வழியே சல்பா நீங்கிய மெசலசீன் வழக்கில் வந்தது. மலக்குடலளவில் நிற்கும் நோய்க்கு அதனைக் குதவழி மருந்தாக இடுதலே பெரிதும் போதும்.

இம்மருந்து உண்டும் நோய் அடிக்கடி மீளுமாயின் அசதியோப்பிரின் கருதப்படும். 1992இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், அதனால் நலமுற்றிருந்தோருள் ஓராண்டில் நோய் மீண்டது தொடர்ந்து உண்டாருள் நூற்றுக்கு 36 பேர்க்கு; நிறுத்தியவருள் 59 பேர்க்கு. அது குருதியணுக்களைக் குறைக்கவல்லது. அவ்வாபத்தை மிகுவிக்கும் பரம்பரைக் கூறொன்று ஆசிய மக்களிடை கூடுதலாக உளதாதலின் குருதிச் சோதனை இன்றியமையாதது. கடுநோய்க்கு 2005 முதல் இன்பிளிக்சிமாப் முதலிய விலைமிக்க ஊசி மருந்துகளும் உள. அவற்றால் தணிந்த நோய்க்குக் காப்பாக அவற்றையே தொடர்தல் பொதுவழக்கு.

கருவுற்ற பெண்கள் குழந்தைக்குத் தீங்காகும் என அஞ்சி மருந்தை விடுதல் பெருந்தவறாக முடிவதுண்டு. அக்காலத்து நோய் கிளர்தலே தாய்க்கும் சேய்க்கும் பெரிய கேடு. சல்பசலசீனையோ மெசலசீனையோ வைத்தியர் கண்காணிப்பில் தொடரலாம். சல்பசலசீன் உண்பார்க்குப் போலிக் அமிலம் உடன் வேண்டும். சல்பசலசீன் ஆண்களின் விந்தணுவைக் குறைப்பதுண்டெனினும், நிறுத்தினால் அக்குறை நீங்கும்.

சிக்காகோவில் 99 நோயாளரை ஈராண்டு தொடர்ந்து கண்டு 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று, மெசலசீனை ஒழுங்காகப் பெற்றுண்டார் நலமாய் நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 89 எனவும், ஒழுங்கற்றார்க்கு 39 எனவும் கூறிற்று. விட்டவரிற் பலர் நலமாயிருந்தமையாலேயே விட்டனர் என்று எண்ண இடமுண்டு. நாளில் மும்முறை நினைந்துண்பதும் எளிதன்று. மெசலசீனின் நாளளவு முழுவதையும் ஒரே வேளையில் உண்டாலும் காப்புக் குறைவதில்லை எனப் பிந்திய சோதனைகள் காட்டியுள்ளமையால், இன்று பலர்க்கு அது காலையுணவோடு ஒருமுறை உண்ணும் மருந்தாக எழுதப்படுகின்றது.