மனைவிக்கு ரம்பம் வாங்கப் போன கொரட்டூர் குமாஸ்தா! கடைக்காரர் கேட்ட கேள்வியில் திகைத்து நின்றார்

நீல நிறப் புடவை. முந்தானை ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். நூல் நூலாகத் தொங்குகிறது.

கொரட்டூரில் ஒரு வீட்டுக் கொடியில் அந்தப் புடவையைப் பார்த்தோம்.

"தூக்கிப் போட மனசு வரலை தம்பி. இன்னும் நாலு விரற்கடை உள்ளே வந்திருந்தா, கிழிஞ்சது என் தொடையா இருந்திருக்கும்" என்றார் அந்த வீட்டு அம்மாள்.

கிழித்தது திருடன் அல்ல. தெரு நாயும் அல்ல. கணவர் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த பரிசு!

மரம் அறுக்கும் மிஷின். சங்கிலி ரம்பம்.

வர்தா போட்ட விதை

கணவர் பாரிமுனையில் ஒரு தனியார் ஆபீசில் குமாஸ்தா. காலை 8 மணிக்கு மின்சார ரெயில் ஏறினால், வீடு திரும்ப இரவு 8 ஆகிவிடும். வீட்டைச் சுற்றி ஒரு வேம்பு, ஒரு மா, இரண்டு முருங்கை. தோட்டம் முழுக்க மனைவியின் ராஜ்யம்.

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி. வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட திங்கட்கிழமை. நகரம் எங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இவர்கள் வீட்டு வேம்பில் ஒரு பெரிய கிளை முறிந்து வாசலை அடைத்துக் கொண்டது.

கேட்ட கூலி தருகிறோம் என்றாலும் ஆள் கிடைக்கவில்லை. எல்லா ரம்பமும் ரோட்டில்தானே இருந்தது!

பத்து நாள் அந்தக் கிளைக்கு அடியில் குனிந்து குனிந்து போய் வந்தார்கள். அதன் பிறகு வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அம்மாளே அரிவாளும் கை ரம்பமுமாக இறங்கிவிடுவார். தோள்பட்டை வலி வந்ததுதான் மிச்சம்.

"சின்னதா ஒரு மிஷின் இருந்தா போதுங்க" என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கணவர் காதில் 'மிஷின்' மட்டும் விழுந்தது. 'சின்னதா' விழவில்லை!

ஆடித் தள்ளுபடியில் ஒரு பெட்ரோல் ரம்பம் வாங்கி வந்துவிட்டார். 18 அங்குலப் பட்டை. "பெரிசா வாங்கினா ரொம்ப நாள் உழைக்கும்னு நினைச்சுட்டேன்" என்று இப்போது தலையைச் சொறிகிறார்.

முந்தானை போச்சு!

கணவர் ஆபீஸ் போன ஒரு நாள். அம்மாள் மிஷினை எடுத்தார். கயிற்றை இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்வதற்குள் பாதி பலம் போய்விட்டது.

கீழே கிடந்த மாங்கிளையை அறுத்தார். முதல் துண்டு விழுந்தது. இரண்டாவது துண்டும் விழுந்தது. மூன்றாவது துண்டு அறுபட்ட அதே வேகத்தில் மிஷின் கனம் கையைக் கீழே இழுத்துவிட்டது. சுற்றிக்கொண்டிருந்த சங்கிலி முந்தானையைக் கவ்வியது.

நல்ல வேளை! துணி சிக்கியதும் மிஷின் திணறி நின்றது.

அன்று இரவு அந்த வீட்டில் சோறு மட்டும்தான் பரிமாறப்பட்டது. பேச்சு இல்லை. இரண்டு நாள் இதே கதை.

"பிடிக்கப் போறது யாரு?"

அடுத்த சனிக்கிழமை. மண்ணடி லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு மிஷின் கடை. வேறு வேலையாக நாம் அங்கே நின்றுகொண்டிருந்தோம். குமாஸ்தா உள்ளே நுழைந்தார்.

"இருக்கிறதிலேயே சின்ன ரம்பம் கொடுங்க. எடை இல்லாம இருக்கணும். வீட்டுக்காரிக்கு."

கல்லாவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஷினைப் பிடிக்கப் போறது அவங்கதானே?"

"ஆமா."

"அவங்க எங்கே?"

"வீட்ல."

"ஏன் சார், புடவை எடுக்க அவங்களைக் கூட்டிட்டுப் போறீங்க. செருப்பு வாங்கக் கூட்டிட்டுப் போறீங்க. கையை அறுக்கிற சாமானுக்கு மட்டும் அளவு பார்க்க வேணாமா?"

குமாஸ்தா திகைத்துப் போனார். வாயைத் திறக்கவில்லை.

"அடுத்த வாரம் அவங்களோட வாங்க. இன்னிக்கு நான் விக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் பெரியவர். வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பிய கடைக்காரரை அன்றுதான் பார்த்தோம்!

மறு சனிக்கிழமை தம்பதி சேர்ந்து வந்தார்கள். நாமும் போயிருந்தோம்.

எடையில் இருக்கிறது சூட்சுமம்

பெரியவர் முதலில் உடைத்தது எடை விஷயம்.

"பெட்டி மேல 4 கிலோன்னு போட்டிருக்கும். நம்பிடாதீங்க. அது வெறும் எஞ்சின் எடை. பட்டை, செயின், பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்தா 5 கிலோவைத் தாண்டிடும். பாட்டரி மிஷின்லயும் இதே கதைதான். சிலதுல பாட்டரி இல்லாத எடையைப் போட்டிருப்பான்."

ஐந்து கிலோ அரிசிப் பையை இடுப்பில் வைத்தால் ஒன்றுமில்லை. கையை நீட்டிப் பத்து நிமிஷம் பிடித்துப் பாருங்கள். அதுதான் ரம்பத்தின் உண்மையான எடை!

ஒரு காலத்தில் இதைவிட மோசம். 1926-ல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் செய்த மின்சாரச் சங்கிலி ரம்பத்தைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இன்று ஒரு கையில் பிடிக்கிற மாதிரி, 4 அங்குலப் பட்டையோடு, ஒன்றரை கிலோ அளவில் பாட்டரி ரம்பம் வந்துவிட்டது.

இன்னொரு ஆச்சரியம். சங்கிலி ரம்பத்தின் மூதாதை மரம் அறுக்கப் பிறந்ததே இல்லை. 1780-களில் ஸ்காட்லாந்து டாக்டர்கள் கையால் இழுக்கும் சிறு சங்கிலி வாளை உருவாக்கினார்கள். எதற்கு? கஷ்டப் பிரசவத்தில் இடுப்பு எலும்பின் இணைப்பை அறுத்து வழி விட! கெட்டுப்போன எலும்பை அகற்றவும் அது உதவியது.

எதை அறுக்க?

"இப்ப சொல்லுங்கம்மா, எதை அறுக்கப் போறீங்க?" என்று அம்மாளிடம் கேட்டார் பெரியவர்.

"முருங்கை ரெண்டு இருக்குங்க."

"அதுக்கு மிஷின் எதுக்கு? முருங்கைக்கு அரிவாளே ஜாஸ்தி."

"பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை விழும்."

"தென்னை, பனை பக்கம் மிஷினைக் கொண்டு போகாதீங்க. நார் போய் உள்ள சுத்திக்கும்."

"வேம்பு மேல ரெண்டு கிளை கரண்டு கம்பியை உரசுது."

பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். "அதை நீங்க தொடவே கூடாது! மின்வாரியத்துக்குச் சொல்லி, லைனை நிறுத்தி, ஆளை வச்சுத்தான் வெட்டணும். ஸ்டூல் மேல ஏறி, ஏணி மேல ஏறி மிஷின் பிடிக்கவே கூடாது. தோளுக்கு மேல தூக்கவும் கூடாது. உயரத்துல இருக்கிற சின்னக் கிளைக்குத்தான் தொரட்டி இருக்கே!"

கடைசியில் மிஷினுக்கு மிஞ்சியது ஒரே வேலை. விழுந்த கிளையையும், இடுப்பு உயரத்தில் இருக்கும் கிளையையும் துண்டு போடுவது. கனம்? அம்மாள் தன் முன்னங்கையைக் காட்டினார். "இவ்வளவு இருக்கும்."

அறுக்கும் மரத்தின் கனத்தைவிடப் பட்டை இரண்டு மூன்று அங்குலம் நீளமாக இருந்தால் போதும் என்பது கணக்கு. அப்படியானால் 18 அங்குலம் எதற்கு? குமாஸ்தா கூரையைப் பார்த்தார்.

மூக்கில் இருக்கிறது எமன்

பெரியவர் ஒரு ரம்பத்தை எடுத்து, பட்டையின் நுனியில் மேல் பாதியைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த மூக்கு எதிலேயாவது பட்டா போச்சு! மிஷின் அப்படியே மேலே எகிறி முகத்துக்கு வரும். கண் இமைக்கிற நேரம்கூட இருக்காது."

பெரிய பெட்ரோல் ரம்பங்களில் சங்கிலி விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும். மணிக்கு 72 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் பல் சதையில் பட்டால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

இதற்காகத்தான் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு வைக்கிறார்கள். மிஷின் எகிறினால் அந்தத் தடுப்பு முன்னே சாய்ந்து பிரேக் போட்டுவிடும். சங்கிலி நிற்கும். இடது கட்டை விரல் முன்கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்க வேண்டும். விரல் மேலே சும்மா கிடந்தால் பிடி நழுவிவிடும்.

உஷார்! உஷார்!

இங்கே நாம் ஒரு எச்சரிக்கை செய்தாக வேண்டும்.

செல்போனில் பார்த்து, இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குப் பெயர் தெரியாத குட்டி ரம்பங்களைப் பலர் வரவழைக்கிறார்கள். பல மிஷின்களில் பிரேக் கிடையாது. செயின் அறுந்தால் மாற்றுச் செயின் கிடைக்காது. பழுது பார்க்க ஆள் கிடையாது.

அதைவிடப் பயங்கரம், இரும்பு அறுக்கும் கிரைண்டரில் மாட்டி அதையே ரம்பம் ஆக்கும் உபகரணம். கிரைண்டர் சுற்றும் வேகம் வேறு, ரம்பத்துக்கு வேண்டிய வேகம் வேறு. பிரேக் கிடையாது. இது சாமான் அல்ல, சாவு!

குட்டி மிஷின் வேண்டாம் என்றார் அம்மாள்

மேஜை மேல் மூன்று மிஷின். ஒன்று, சிறிய பெட்ரோல் ரம்பம். இரண்டு, 10 அங்குலப் பட்டை போட்ட பாட்டரி ரம்பம், பாட்டரியோடு மூன்று கிலோ சொச்சம். மூன்று, ஒற்றைக் கையில் பிடிக்கும் 4 அங்குலக் குட்டி.

குமாஸ்தா பாய்ந்து குட்டியை எடுத்தார். "இதாம்மா உனக்கு! பொம்மை மாதிரி இருக்கு."

அம்மாள் அதை வாங்கிப் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்துவிட்டார்.

"இது வேணாங்க. ஒரு கை மிஷின்ல இருந்தா, இன்னொரு கை சும்மா இருக்காது. கிளையைப் பிடிக்கப் போகும். எனக்கு என் கையைத் தெரியும்."

பெரியவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. "முப்பது வருஷமா கடையில இருக்கேன். இதைச் சொன்ன ஆம்பிளையை நான் பார்த்ததில்லை சார்!"

பெட்ரோல் மிஷினைக் கையில் எடுத்ததுமே வைத்துவிட்டார். கயிறு இழுப்பது, பெட்ரோலில் சரியான அளவு ஆயில் கலப்பது, காது அடைக்கும் சத்தம். எதுவும் வேண்டாம் என்றார்.

பத்து அங்குலத்தைப் பாட்டரி கழற்றாமல், விசையை அழுத்தாமல், இடுப்பு உயரத்தில் பிடிக்கச் சொன்னார் பெரியவர். கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிஷம். கை நடுங்கவில்லை. விரல் விசைக்கு எட்டியது. கட்டை விரல் கைப்பிடியைச் சுற்றி வளைந்தது. பிறகு பாட்டரியைக் கழற்றச் சொல்லி, செயினை இறுக்கக் கற்றுக் கொடுத்தார்.

"பட்டைக்கு அடியில செயின் தொங்கக் கூடாது. கையால இழுத்தா சுலபமா நகரணும். செயினைத் தொடறதுக்கு முன்னாடி பாட்டரி வெளியே இருக்கணும். மறந்துடாதீங்கம்மா."

அதையே வாங்கினார்கள். கூடவே கண்ணாடி, கையுறை, பட்டைக்கு ஊற்றும் ஆயில்.

"இன்னும் ஒண்ணு தங்கச்சி. புடவை, துப்பட்டா, தொங்குற சடை, வளையல், செருப்பு எதுவும் கூடாது. தாலிச் செயினை உள்ளே போட்டுக்குங்க. கனமான பேண்ட், ஷூ போட்டுக்கிட்டுத்தான் மிஷினைத் தொடணும்" என்றார் பெரியவர்.

தெரு மரம் உங்கள் மரம் அல்ல

மிஷின் வந்துவிட்டது என்று வாசலுக்கு வெளியே நிற்கும் மரத்தில் கை வைத்தால் சிக்கல்தான். தெரு மரம் மாநகராட்சிக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் வெட்டினால் குற்றம். ஆபத்தான கிளை என்றால் 1913-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.

மீண்டும் கொரட்டூர்

இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டுக்குப் போனோம். அம்மாள் மகனுடைய பழைய ஜீன்ஸ், ஷூ, கண்ணாடியோடு தயாராக நின்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் மதில் மேல் எட்டிப் பார்த்தார்கள். கணவர் பத்தடி தள்ளி நின்றார். அதற்கு மேல் நெருங்கக் கூடாது என்பது மனைவி உத்தரவு!

முறிந்து கிடந்த வேப்பங்கிளை துண்டு துண்டானது. சீவல் மாதிரி மரத்தூள் பறந்தது. மாவு மாவாகக் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தமாம். அம்மாளே நமக்கு விளக்கினார்.

கால் மணி நேரம். வேலை முடிந்தது. பாட்டரியைக் கழற்றினார். பட்டைக்கு உறை போட்டார். பிறகுதான் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

18 அங்குலப் பெரிய மிஷின் என்ன ஆனது? பெட்டியோடு பரண் மேல் தூங்குகிறது. வாங்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் குமாஸ்தா.

கிழிந்த நீலப் புடவைக்குப் பதிலாகப் புதுப் புடவை எடுக்கத் தியாகராய நகருக்குப் போனார்களாம்.

"என்ன கலர் எடுத்தீங்க?" என்று குமாஸ்தாவைக் கேட்டோம்.

"நான் வாயே திறக்கலை தம்பி" என்றார். "கட்டிக்கப் போறது அவதானே!"