அவள் அழுவதை அவளே எழுதட்டும்
இணையத்தில் சேர்ந்து கதை எழுதுவோருக்குப் பிடித்ததும் பிடிக்காததும்

பூன் லே எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, பேருந்து முனையத்தில் வரிசையில் நிற்கும் இளையர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கைப்பேசியில் வேகமாக எதையோ தட்டச்சு செய்வார்கள். திடீரென்று சிரிப்பார்கள். பிறகு முகம் வாடிவிடும். எல்லாரும் நண்பர்களோடு அரட்டை அடிக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களில் சிலர் அந்த நேரத்தில் ஓர் அரண்மனைக் காவலராகவோ விண்கலத்தின் பொறியாளராகவோ இருக்கக்கூடும்.

இணையத்தில் பலர் சேர்ந்து ஒரு கதையை எழுதுவதை ‘ரோல்பிளே’ என்கிறார்கள். தமிழில் ‘பாத்திரமேற்று எழுதுதல்’ எனலாம். ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். ஒருவர் தம் பாத்திரம் செய்வதையும் பேசுவதையும் ஒரு பத்தியில் எழுதிப் பதிவிடுவார். அடுத்தவர் அதற்குத் தம் பாத்திரத்தின் வழியாகப் பதில் எழுதுவார். கதை எங்கே போகும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. சுவையே அதில்தான்.

இதன் வேர்களில் ஒன்று ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு. அது 1974ல் அமெரிக்காவில் வெளியானது. 1978ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர், பலர் ஒரே நேரத்தில் கணினி வழியாக எழுத்தாலேயே விளையாடும் ‘மட்’ என்ற விளையாட்டை உருவாக்கத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். இன்று டிஸ்கார்ட், வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களிலும் இப்படி எழுத முடிகிறது.

நானும் எழுதியிருக்கிறேன். கொவிட்-19 கட்டுப்பாடுகளால் எல்லாரும் வீட்டில் அடைந்திருந்த 2020ல் நாங்கள் ஆறு பேர் ஒரு குழு தொடங்கினோம். பூன் லேயில் மூவர், ஜோகூரில் ஒருவர், சென்னையில் இருவர். முதலாம் ராசேந்திர சோழன் 1025ல் கடாரத்தின் மீது அனுப்பிய படையில் ஒரு கப்பல்தான் எங்கள் களம். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. நான் கப்பலின் கணக்கர். எங்கள் புளோக்கிலிருந்து இரண்டு புளோக் தள்ளி வசித்த ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, யாருக்கும் தெரியாமல் கப்பலில் ஒளிந்து ஏறிய பெண்ணாக எழுதினார்.

எட்டு மாதம் ஓடியது. பிறகு குழு உடைந்தது. ஏன் உடைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், இப்படி எழுதுவோர் அடிக்கடி எரிச்சலடையும் சில பழக்கங்களைப் பார்ப்போம்.

அடுத்தவர் பாத்திரத்தை நாமே ஆட்டுவிப்பது

‘கணக்கர் அறைக்குள் நுழைந்தார். அவரைக் கண்டதும் அந்தப் பெண் நடுங்கி அழுதாள்.’ இப்படி நான் எழுதினால் முதல் வாக்கியத்தில் தவறில்லை. இரண்டாவது என்னுடையதன்று. அந்தப் பெண் அழுதாளா, முறைத்தாளா, கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தாளா என்பதை அவளை எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த அத்துமீறலை ‘காட்மோடிங்’ என்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், தானே கடவுளாகிவிடுவது.

தஞ்சாவூர்ப் பகுதியில் வழங்கிய லாவணிப் பாட்டை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் பாட்டிலேயே வாதிடும். கேள்வி கேட்பவரே எதிர்க்கட்சியின் பதிலையும் பாடிவிட்டால் அங்கே லாவணி ஏது?

பாத்திரத்துக்குத் தெரியாதது எழுதுபவருக்குத் தெரிவது

அந்தப் பெண் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள் என்று அவர் எழுதிய பதிவை நான் படித்துவிட்டேன். ஆனால் என் கணக்கருக்கு அது தெரியாது. அடுத்த பதிவிலேயே கணக்கர் நேராக அந்த மூட்டைகளிடம் போய் நின்றால் அது ஏமாற்று. ‘மெட்டாகேமிங்’ என்பது இதன் பெயர்.

தமிழ் படித்தவர்கள் இதற்கு வேறு பெயர் சொல்லாவிட்டாலும் விதியை அறிவார்கள். சங்க அகப்பாடல்கள் எல்லாமே ஏதோ ஒரு பாத்திரத்தின் கூற்று. தலைவி, தோழி, செவிலி, தலைவன் என்று புலவர் வேறொருவராக மாறித்தான் பேசுகிறார். தலைவியின் காதல் புலவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். செவிலித்தாய்க்குத் தெரியாது. தோழி அதை எடுத்துச் சொல்லும் தருணத்துக்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று தனித் துறையே இருக்கிறது. கபிலர் பாடிய 261 அடி கொண்ட குறிஞ்சிப்பாட்டு முழுவதும் அந்த ஒரு தருணம்தான். செவிலிக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பாட்டுக்குத் தேவையே இருந்திருக்காது.

எல்லாம் வல்ல பாத்திரம்

எங்கள் கப்பலுக்குச் சில வாரம் ஒரு சமையற்காரர் வந்தார். வயது 15. எட்டு மொழி பேசுவார். வாள் வீசுவார். புயல் வருவதை முன்கூட்டியே சொல்வார். கப்பலில் எல்லாரும் அவரைப் பார்த்து வியக்க வேண்டும். இத்தகைய பாத்திரத்தை உலகெங்கும் ‘மேரி சூ’ என்கிறார்கள். 1973ல் பாலா ஸ்மித் என்பவர் ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர் இதழ் ஒன்றில் எழுதிய கேலிக் கதையின் நாயகி பெயர் அது. பதினைந்தரை வயதிலேயே விண்கல அதிகாரியாகிவிட்டவள் அவள்.

புதிதாக எழுத வருபவர் இப்படித் தொடங்குவது இயல்பு. கேலி செய்தால் அவர் போய்விடுவார். “உங்கள் சமையற்காரருக்கு எது வராது?” என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் சமையற்காரருக்கு நீச்சல் வராது என்று பதில் வந்தது. அன்றிலிருந்துதான் கதையில் அவருக்கு இடம் கிடைத்தது.

பிடிகொடுக்காத பதில்

நீங்கள் யோசித்து யோசித்து மூன்று பத்தி எழுதுகிறீர்கள். பதில் வருகிறது: ‘சரி என்று தலையாட்டினான்.’ அவ்வளவுதான். இனி நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு எழுதுவது?

இங்கே குறை நீளத்தில் இல்லை. இரட்டைப் புலவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்கு நடக்க முடியாது. ஒருவர் வெண்பாவின் முதல் இரண்டு அடியைப் பாட, மற்றவர் மீதியைப் பாடி முடிப்பார் என்பது மரபு. தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் அவர்கள் பெயரில் இருக்கின்றன. இரண்டு அடி சிறியதுதான். ஆனால் அடுத்தவர் தொடர்வதற்கு அதில் ஓர் இடம் இருந்தது. ஒரு கேள்வி, ஒரு சத்தம், பாதி திறந்த கதவு என்று ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு நிறுத்துங்கள். ஒரு வரியானாலும் போதும்.

சொல்லாமல் காணாமல் போவது

எங்கள் மாலுமி ஒருவர் பாய்மரத்தின் உச்சிக்கு ஏறினார். அதோடு மூன்று வாரம் ஆளைக் காணோம். மற்ற ஐவரும் கப்பலை நகர்த்தவும் முடியவில்லை, அவரை இறக்கிவிடவும் முடியவில்லை. தேர்வு, வேலை, உடல்நலக் குறைவு எல்லாருக்கும் வரும். “இரண்டு வாரம் வரமாட்டேன், என் ஆளைத் தூங்க வையுங்கள்” என்று ஒரு செய்தி போதும்.

இதன் மறுபக்கமும் உண்டு. இங்கே இரவு 11 மணி என்றால் சென்னையில் எட்டரைதான். அவர்கள் உற்சாகமாகத் தொடங்கும்போது நமக்குக் கண் செருகும். பத்து நிமிடத்தில் பதில் வரவில்லை என்று நச்சரிப்பதும் ஒருவரை விரட்டிவிடும்.

விருப்பம் வேறு, தவறு வேறு

மேலே சொன்ன ஐந்தும் பெரும்பாலோருக்குப் பிடிக்காதவை. வேறு பல விஷயங்கள் இருக்கின்றன. அவற்றில் சரி, தவறு கிடையாது. ஒருவருக்குப் பேச்சுத் தமிழில் உரையாடல் வேண்டும். இன்னொருவருக்குச் செந்தமிழ் இல்லாமல் சோழர் காலம் ஒட்டாது. ஒருவருக்குக் காதல் காட்சி பிடிக்கும், மற்றவருக்கு அது வந்தாலே சங்கடம். சிலர் தம் பாத்திரம் சாகத் தயார். சிலருக்கு அது தாங்காது.

ஐங்குறுநூற்றில் ஐந்து புலவர்கள், ஆளுக்கு நூறு பாட்டு. மருதம் ஓரம்போகியாருக்கு, நெய்தல் அம்மூவனாருக்கு, குறிஞ்சி கபிலருக்கு, பாலை ஓதலாந்தையாருக்கு, முல்லை பேயனாருக்கு. ஒரே நூலுக்குள் ஐவருக்கும் தனித்தனி நிலம் இருக்கிறது. நம் குழுக்களில் நடப்பது வேறு. அவரவர் விருப்பத்தை யாரும் முதலில் சொல்வதில்லை. பிறகு அடுத்தவர் அதை மீறிவிட்டார் என்று கோபித்துக்கொள்கிறோம்.

எங்கள் குழு உடைந்த கதை

இனி என் தவறுக்கு வருகிறேன். நான் தமிழ் படித்தவன். ஒளிந்து ஏறிய பெண்ணை எழுதியவர் ஒருநாள் ‘அவள் கப்பலில் ஏரினாள்’ என்று எழுதினார். கதைக்கு நடுவே, எல்லாரும் பார்க்க, ‘ஏரி என்பது நீர்நிலை, ஏறினாள் என்பதே சரி’ என்று பதிவிட்டேன். மறுநாள் இன்னொரு திருத்தம். அதற்கடுத்த வாரம் பட்டியலே போட்டேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

“அண்ணா, இது கதையா, தேர்வா?” என்று ஒரு செய்தி அனுப்பினார். சிரித்த முகக் குறி ஒன்றையும் சேர்த்திருந்தார். நான் அந்தக் குறியை மட்டும் பார்த்தேன். அதன்பின் அவர் எழுதவில்லை. அவர் இல்லாமல் கதைக்கு உயிர் இல்லை. ஒரு மாதத்தில் மற்றவர்களும் நின்றுவிட்டார்கள்.

பல நாள் கழித்து புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரைப் பார்த்தேன். உயர்நிலைப் பள்ளியை முடித்த பிறகு தாம் தமிழில் எழுதிய ஒரே இடம் அந்தக் குழுதான் என்றார். வீட்டில் ஆங்கிலம்தான் அதிகமாம். எனக்குப் பேச வாய் வரவில்லை.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு. 2020ல் அது 2.5 விழுக்காடு. ஏப்ரலில் தமிழ் மொழி விழா வருகிறது, மேடைகள் நிறைகின்றன. மற்ற 11 மாதங்களில் ஓர் இளையர், மதிப்பெண்ணுக்காக இல்லாமல், தானாக விரும்பித் தமிழில் நாலு பத்தி எழுதும் இடங்கள் எத்தனை? அப்படி ஓர் இடத்தை நான் ஒரு ‘ற’வுக்காக மூடிவிட்டேன்.

திருத்தவே கூடாது என்று சொல்லவில்லை. அவர் கேட்டாரா, தனியாகச் சொன்னேனா, கதை ஓடும்போது குறுக்கே விழுந்தேனா என்பவைதான் கேள்வி. அடுத்தவர் பாத்திரத்தை நாம் அழ வைப்பதும், அடுத்தவர் வாக்கியத்தை அவரைக் கேட்காமல் திருத்துவதும் ஒரே குணத்தின் இரண்டு வடிவங்கள் என்று இப்போது தோன்றுகிறது.

தொடங்கும் முன் பேசிக்கொள்ளுங்கள்

புதிதாகக் குழு தொடங்குவோர் முதல் நாளே அரை மணி நேரம் ஒதுக்கி இவற்றைப் பேசிவிடலாம்.

• வாரத்துக்கு எத்தனை பதிவு? எத்தனை நாள் வராவிட்டால் கதை அவரை விட்டு நகரலாம்?

• பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா, இரண்டுமா? ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதலாமா?

• எந்தக் காட்சிகள் யாருக்கு வேண்டாம்? காரணம் சொல்லத் தேவையில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்.

• ஒருவர் பாத்திரத்துக்குக் காயமோ மரணமோ நேர்வதென்றால் அவரிடம் முன்பே கேட்க வேண்டும்.

• பிழைத்திருத்தம் வேண்டுவோர் யார்?

பெற்றோருக்கும் ஒரு சொல். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், முன்பின் தெரியாத பெரியவர்களோடு காதல் காட்சிகள் எழுதுவது கூடாது. கதையைக் காரணம் காட்டித் தனிச்செய்திக்கு அழைப்பவர், படம் கேட்பவர், வீடு எங்கே என்று கேட்பவர் கதை எழுத வந்தவர் அல்லர். உடனே குழுவை விட்டு விலகி நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். இணையத் துன்புறுத்தலுக்கு எதிராக, 2014ல் இயற்றப்பட்ட துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்க முடியும். கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதைவிட, “இன்று உன் ஆள் என்ன செய்தான்?” என்று கேட்பது அதிகம் உதவும்.

கடந்த ஆண்டு எங்கள் கப்பலை மீண்டும் எடுத்தோம். ஆறு பேரில் நால்வர் வந்தார்கள். அந்தப் பெண்ணை எழுதியவரும் வந்தார், ஒரே ஒரு காட்சிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. ஒளிந்து வந்தவளை யார் கண்டுபிடித்தார், அவள் என்ன பதில் சொன்னாள் என்பதையெல்லாம் அவரே எழுதினார். என் கணக்கர் ஓரமாக நின்று ஓலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரியில் அவள் கடாரத்துக் கரையில் ‘இரங்கினாள்’. இறங்கினாள் என்று இருக்க வேண்டும். நான் அதைப் படித்துவிட்டு, கணக்கர் தலைவணங்கி அவளுக்கு வழிவிட்டார் என்று எழுதினேன்.