எழுத்தை விற்றலும் உரிமையை விற்றலும்

நுழையும்முன்

உழைப்பின் பயனை விற்று வாழ்தல் உலக இயல்பு. உழவர் நெல்லை விற்கிறார். நெசவாளர் சேலையை விற்கிறார். எழுத்தாளர் விற்பது எதனை? தாளையா, சொல்லையா, பெயரையா? வீட்டிலிருந்தே எழுதிப் பொருளீட்டும் இளைஞர்கள் பெருகிவரும் இக்காலத்தில் இவ்வினாவிற்கு விடை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

கூரம் செப்பேடு காட்டும் செய்தி

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள ஊர் கூரம். கி.பி. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சிபுரிந்த பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட செப்பேடு இவ்வூர்ப் பெயராலேயே வழங்கப்படுகிறது. கூரத்தில் எழுப்பப்பெற்ற சிவன் கோயிலின் பணிகளுக்காகப் பரமேசுவரமங்கலம் என்னும் ஊர் 25 பங்குகளாகப் பகுக்கப்பட்டதை அது கூறுகிறது. அவற்றுள் ஒரு பங்கு கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒதுக்கப்பட்டது.

இங்கு ஊதியம் வாசிக்கும் உழைப்புக்கு உரியது. பாரதக் கதை எவர் ஒருவருக்கும் தனியுடைமை அன்று. ஓலைச்சுவடியைப் படியெடுப்பதற்கு நாள்கணக்கில் உழைக்கவேண்டியிருந்த காலத்தில், படியெடுக்கும் உரிமை யாருக்கு என்னும் கேள்வி பெரிதாக எழவில்லை. அச்சு இயந்திரம் வந்தபின் நிலை மாறியது. ஒரே நூலை ஆயிரக்கணக்கில் எளிதாகப் பெருக்க முடிந்ததால், பெருக்கும் உரிமையே விலைமதிப்புள்ள பொருளாயிற்று. இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அவ்வுரிமையை நூலாசிரியருக்கு உரியதாக ஏற்றது. இன்று இந்தியாவில் இதனை ஆள்வது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்.

சேலையும் சொல்லும்

காஞ்சிபுரத்து நெசவாளர் நெய்த பட்டுச்சேலை கடையின் பெயர் பொறித்த அட்டைப்பெட்டியில் வாங்குபவரைச் சென்றடைகிறது. நெய்தவர் பெயரை வாங்குபவர் அறிவதில்லை. பிறர் செய்த பொருளைத் தம் பெயரில் விற்கும் இவ்வணிக முறையை ஒத்தது, எழுத்துத்துறையில் ‘பிரைவேட் லேபிள் ரைட்ஸ்’ எனப்படும் விற்பனை. சுருக்கமாக இதனைப் பி.எல்.ஆர். என்பர். எழுத்தாளர் ஒரு கட்டுரையை எழுதிப் பலருக்கு விற்கிறார். வாங்கியவர் அதனைத் திருத்தலாம், சுருக்கலாம், தம் பெயரிட்டு வெளியிடலாம்.

ஒருவர் பெயருக்காக மற்றொருவர் மறைவில் எழுதித்தருவது வேறு. அங்கு வாங்குபவர் ஒருவரே. பி.எல்.ஆர். முறையிலோ வாங்குபவர் பலர். சேலையை விற்றால் அது நெசவாளர் கையைவிட்டு நீங்கிவிடும். கட்டுரையை விற்றாலும் அது எழுதியவரிடமே இருக்கும். மீண்டும் மீண்டும் விற்கலாம். இம்முறையின் வருவாயும் இடரும் இவ்வியல்பிலிருந்தே பிறக்கின்றன.

‘பட்டுச்சேலையைப் பாதுகாக்கும் முறை’ என்று ஒருவர் ஒரு கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம். ஒரு கடைக்கு மட்டும் கொடுத்தால் 1,000 ரூபாய் கிடைக்கும். 20 கடைகளுக்குத் தலா 100 ரூபாய்க்கு விற்றால் 2,000 ரூபாய் கிடைக்கும். ஆனால், 20 கடைகளும் ஒரே கட்டுரையைத் தத்தம் பெயரில் வெளியிடும்போது அதன் தனித்தன்மை மறைகிறது. பின்னர் ஒரு கடை, “எங்களுக்கு மட்டுமே உரியதாகத் தருக” என்று எவ்வளவு விலை தர முன்வந்தாலும், அவ்வாறு தர எழுத்தாளருக்கு இயலாது. சலவை முறை பற்றிய பிழையான செய்தி ஒன்று அதில் இருந்தால், அப்பிழை 20 இடங்களில் பரவும். பெயர் இல்லாவிடினும் பொறுப்பு உண்டு.

சட்டம் சொல்வது

ஒரு நிறுவனத்தில் பணியாளராக இருந்து பணியின் பகுதியாக எழுதுபவரின் எழுத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, அந்நிறுவனமே முதல் உரிமையாளர். தற்சார்பாக எழுதுபவரின் எழுத்துக்கோ பொதுவாக அவரே உரிமையாளர். அவர் தம் உரிமையை இரு வகையில் பிறருக்குத் தரலாம். உரிமையையே மாற்றிக் கொடுப்பது ஒன்று. உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு பயன்படுத்த இசைவளிப்பது மற்றொன்று. முன்னது வீட்டை விற்பதைப் போன்றது; பின்னது வாடகைக்கு விடுவதைப் போன்றது. பி.எல்.ஆர். பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

தெரிந்து தெளிவோம்

• உரிமை மாற்றம் எழுத்து வடிவில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும்.
• காலம் குறிப்பிடப்படாவிடின் அது 5 ஆண்டுகள் எனக் கொள்ளப்படும்.
• எல்லை குறிப்பிடப்படாவிடின் இந்தியாவிற்குள் எனக் கொள்ளப்படும்.
• எழுத்தாளர் வாழ்நாளும் அவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும்.

சட்டத்தின் 57ஆம் பிரிவு குறிப்பிடத்தக்கது. பதிப்புரிமையை விற்றபின்னும், “இது என் படைப்பு” என்று கூறவும், தம் நற்பெயருக்கு ஊறு விளைக்கும் சிதைவைத் தடுக்கவும் படைப்பாளருக்குச் சிறப்புரிமை உண்டு. தம் நாவல் திரைப்படமாக்கப்பட்டபோது சிதைக்கப்பட்டதாக இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தொடுத்த வழக்கில், தில்லி உயர்நீதிமன்றம் 1986இல் இவ்வுரிமையின் ஆழத்தை விளக்கியது. பி.எல்.ஆர். எழுத்தாளர் இத்தகைய பெயருரிமையிலிருந்து தாமே இசைந்து விலகி நிற்கிறார். ஆகவே, தாம் எதனைத் துறக்கிறோம் என்பதை அவர் அறிந்தே துறத்தல் வேண்டும்.

பாரதியின் பாடல்கள்

உரிமை கைமாறுவதன் விளைவைத் தமிழர் நேரில் கண்டது பாரதியின் படைப்புகளில். தம் எழுத்துகளை 40 நூல்களாக அச்சிடும் திட்டத்தை 1920இல் அவர் அறிவித்தார். அது நிறைவேறுமுன்பே 1921இல் மறைந்தார். அவருக்குப்பின் நூல்களை வெளியிடும் உரிமை ஒரு கையிலும், பாடல்களை இசைத்தட்டு, திரைப்படம் முதலியவற்றில் பயன்படுத்தும் உரிமை மற்றொரு கையிலுமாகப் பிரிந்தன. இசைத்தட்டு உரிமையை வாங்கியிருந்த வணிகரிடமிருந்து அதனைத் திரைப்பட அதிபர் ஏ.வி.மெய்யப்பன் பெற்றார். 1948இல் வெளிவந்த ‘பில்ஹணன்’ திரைப்படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றதையொட்டி உரிமைச் சிக்கல் எழுந்தது. மக்கள் பாடும் பாட்டு ஒருவர் உடைமையாவதா என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல்கொடுத்தனர். 1949இல், ஓமந்தூர் இராமசாமி முதல்வராக இருந்தபோது, சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற முன்வந்தது. மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையைப் பொருள் பெறாமல் வழங்கினார். பின்னர்ப் பாரதியின் படைப்புகள் மக்களுக்குப் பொதுவாயின.

ஒரே படைப்பில் பல உரிமைகள் அடங்கியுள்ளன என்பதும், இன்று சிறிதாகத் தோன்றும் உரிமை நாளை பெரும்பயன் தரலாம் என்பதும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மைகள்.

எழுதுவோர் கருதவேண்டியவை

விற்கும் எழுத்து தம்முடையதாகவே இருத்தல் முதல் அறம். பிறர் எழுத்தைச் சிறிது மாற்றி விற்பவர், தம்மிடம் இல்லாத உரிமையை விற்கிறார். வாங்குபவர் திருத்தலாமா, தம் பெயரிடலாமா, பிறருக்கு மறுவிற்பனை செய்யலாமா, எத்தனை பேருக்கு விற்கப்படும் என்பவற்றை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுதல் இரண்டாவது. நெடுநாள் சிந்தனையில் விளைந்த படைப்பைத் தம் பெயருக்கெனக் காத்து, பொதுப் பயன்பாட்டுக் கட்டுரைகளை மட்டும் இம்முறையில் விற்றல் மூன்றாவது.

எழுத்தை விற்றல் இழிவன்று. அதுவும் ஓர் உழைப்பின் பயனே. எதை விற்றோம், எதை வைத்துக்கொண்டோம் என்று அறியாமல் கையொப்பமிடுதலே இழப்பாகும்.

கற்பவை கற்றபின்...

1. உரிமையை மாற்றிக் கொடுத்தலுக்கும் பயன்படுத்த இசைவளித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. ‘மக்கள் பாடும் பாட்டு யாருக்கு உரியது?’ – வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றைப் பிறர் பயன்படுத்த இசைவளிக்கும் ஒப்பந்தத்தின் மாதிரியை எழுதுக.