வட்டி எந்தப் பக்கம் போகிறது?

பூக்கட்டி விற்கும் ஒரு பெண் தண்டலுக்கு 10,000 ரூபாய் வாங்குகிறார் என்று வையுங்கள். 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்டால் பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாளுக்கு நாள் கரைந்துகொண்டே வருவதால், அவரிடம் சராசரியாக நிற்பது சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 80 சதவீதம்! அந்த வட்டி அவர் தெருவுக்குத் திரும்பி வருவதே இல்லை.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இந்த ஓட்டத்தைத்தான் திருப்பின. தமிழ்நாட்டில் 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் இந்த வேலை தொடங்கியது. 1992-ல் வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையில் இறங்கியது.

முதலில் சேமிப்பு, பிறகுதான் கடன். 15 பேர் மாதம் 200 ரூபாய் சந்தா போட்டால் ஆண்டில் 36,000 சேரும். அதிலிருந்து உள்கடன் கொடுப்பார்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். குறைவென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் கட்டிய வட்டி குழுவின் பொதுப்பணத்தில் விழுந்து, அடுத்தவருக்குப் பள்ளிக் கட்டணமாகவோ தையல் மெஷினாகவோ போகிறது. கூட்டத்துக்கு யார் வந்தார்கள், யாருக்கு எவ்வளவு, எப்போது திரும்பியது எல்லாம் தீர்மான நோட்டிலும் கணக்குப் புத்தகத்திலும் ஏறும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழுவின் அந்த நோட்டுகளைப் பார்த்துத்தான் வங்கி கடன் தருகிறது. நிலப்பத்திரமோ நகையோ இல்லாத பெண்களுக்கு அந்த நோட்டுதான் சொத்து. இதை நான் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன்.

ஆனாலும் வாங்கிய கடனெல்லாம் முதலாகிவிடாது. சினைமாடு வாங்கியவருக்குக் கன்று ஈன்ற பிறகுதான் பால் காசு வரும். தவணையோ அடுத்த மாதமே வந்துவிடுகிறது. நடுவில் கட்ட வழியில்லாமல் வாரத் தவணைக்காரரிடம் ஒன்று, அதை அடைக்க இன்னொன்று என்று வாங்கி, கடைசியில் மாட்டையே விற்றுவிடுகிறார். இதில் அந்தப் பெண்ணைக் குறை சொல்வது அநியாயம். பால் கறக்கும் மாதத்திலிருந்து தவணையைத் தொடங்கியிருந்தால் அந்த மாடு இன்னும் கொட்டகையில் நின்றிருக்கும்.