இரண்டு காகிதங்கள்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாராவியிலிருந்து ஓர் அன்பர் செம்பூரில் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய தகப்பனார் மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் என்னோடு பல வருஷம் வேலை பார்த்தவர். இவருக்கு இட்லி வியாபாரம். 16 வயது மகள் 400 மீட்டர் ஓட்டத்தில் பள்ளிப் போட்டிகளில் பரிசு வாங்கி வருகிறாள். அவர் கையில் ஆறு பக்க இங்கிலீஷ் காகிதம் ஒன்று இருந்தது.

"சார், இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. பிள்ளைக்கு நல்லதுன்னுதான் சொல்லுதாவ. நாளைக்குக் கையெழுத்துப் போடணுமாம்."

நான் டிப்ளமோ படித்த ரயில்வே என்ஜினீயர், வக்கீல் அல்ல. ஆனால் எந்தக் காகிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று சர்வீஸில் கற்றுக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் ஷூ, போக்குவரத்துச் செலவு, மாதம் ஒரு தொகை எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கத்தில் வேறு கதை. பத்து வருஷத்துக்குப் பெண் சம்பாதிக்கும் பரிசிலும் விளம்பரத்திலும் 30 சதவீதம் அந்த ஏஜென்சிக்கு. பத்து வருஷம் முடிந்த பிறகும், வேறு யார் விளம்பரத்துக்கு அழைத்தாலும் முதலில் இவர்களிடம் காட்டி, இவர்கள் வேண்டாம் என்றால்தான் அங்கே போகலாம்.

எங்கள் கட்டடத்தில் ஓய்வு பெற்ற வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அழைத்துப் போனேன். அவர் சொன்னவை நம் சங்க அன்பர்கள் எல்லோருக்கும் பயன்படும்.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. தகப்பனார் கையெழுத்துப் போட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. சினிமாவில் நடிக்க ஒரு மைனர் பெண்ணுக்காகத் தகப்பனார் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று நம் பம்பாய் ஹைகோர்ட்டே ராஜ் ராணி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் இது இருபக்கமும் வெட்டும் கத்தி. அந்த வழக்கைப் போட்டதே பெண் தரப்புதான். ஒப்பந்தமே செல்லாது என்றபின் பேசிய சம்பளத்தை எதைக் காட்டிக் கேட்பது? ஏமாந்தவருக்கும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்தது அந்தக் கடைசிப் பக்கம். இதே மாதிரி ஒரு நிபந்தனை கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் வந்தது. 2000-இல் பெர்செப்ட் டி மார்க் என்ற கம்பெனியுடன் மூன்று வருஷ ஒப்பந்தம் செய்தார். 2003-இல் அது முடிந்ததும் வேறு கம்பெனிக்குப் போனார். பழைய கம்பெனி பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. முதலில் தனி நீதிபதி கம்பெனி பக்கம்; பிறகு இரு நீதிபதிகள் பெஞ்ச் ஜாகீர் பக்கம். கடைசியில் 2006 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும் ஜாகீர் பக்கமே நின்றது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஒருவருடைய தொழிலைக் கட்டிவைக்கும் நிபந்தனை, சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம். ஜாகீர் கானால் சுப்ரீம் கோர்ட் வரை வக்கீல் வைக்க முடிந்தது. இட்லி வியாபாரியால் முடியுமா?

விளையாட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கையில் இது முதல் காகிதம். கையெழுத்துக் கேட்கும் காகிதம். இரண்டாவது, பதில் கேட்கும் காகிதம். அது இன்னும் பொல்லாதது.

ரயில்வேயில் ஒரு கலாசிக்குப் பெரிய தண்டனைக்கான சார்ஜ் ஷீட் கொடுத்தால், பதில் எழுத 10 நாள் உண்டு. விசாரணையில் துணைக்கு இன்னொரு ஊழியரையோ யூனியன்காரரையோ வைத்துக்கொள்ளலாம். தண்டனை வந்தால் மேல்முறையீட்டுக்கு 45 நாள். 1968-ஆம் வருஷத்து விதிகள் இவை.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தக் கலாசிக்குக் கிடைக்கும் விசாரணைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் சார்பில் அப்பீலுக்குப் போக யாரும் முன்வரவில்லை. பின்னாளில் அவர் தமிழ்நாட்டில் அரசுப் பயிற்சியாளர் ஆனது அவருடைய மன உறுதி. பதக்கம் திரும்பவில்லை.

எட்டு வருஷம் கழித்து, 2014-இல், ஒடிசாவின் நெசவாளர் மகள் டூட்டி சந்துக்கும் ஏறக்குறைய இதே கதி. ஹார்மோன் அளவைக் காரணம் காட்டி ஓடக்கூடாது என்றார்கள். ஆனால் இம்முறை துணைக்கு ஆட்கள் இருந்தார்கள். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் 1984 முதல் விளையாட்டுக்கென்றே ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. கனடா வக்கீல்கள் கட்டணம் வாங்காமல் அங்கே வாதாடினார்கள். 2015 ஜூலையில் மன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. டூட்டி 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வென்றார்.

இருவருக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? திறமையில் அல்ல. ஒருவருக்குக் காலத்தில் வக்கீல் கிடைத்தார், மற்றவருக்குக் கிடைக்கவில்லை. லோசானில் அப்பீலுக்கு, விதியில் வேறு கெடு இல்லையென்றால், 21 நாள்தான். அழுது முடிப்பதற்குள் அது ஓடிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே டூட்டி சந்துக்கு 2023-இல் தடை செய்யப்பட்ட மருந்து காரணமாக நான்கு வருஷத் தடை விதித்தார்கள். உடம்பில் இருப்பதற்கு ஓடுகிறவரே பொறுப்பு என்பது ஊக்கமருந்து விதி. ஜிம்மில் கொடுக்கும் பவுடர், மெடிக்கல் ஷாப் இருமல் மருந்து எதுவானாலும் டாக்டரிடம் கேட்டபின்தான் வாயில் வைக்க வேண்டும்.

2025-இல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. விளையாட்டுத் தகராறுகளுக்கென்றே ஒரு தீர்ப்பாயத்துக்கு அது வழி செய்கிறது. நல்ல காரியம். ஆனால் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டவும் யாராவது கூட வர வேண்டுமே!

நம் அன்பர் கையெழுத்துப் போடவில்லை. முன்கூட்டியே கொடுத்திருந்த ஷூவைத் திருப்பிக் கொடுத்தார். பெண் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாளாம். அடுத்த போட்டியில் பழைய ஷூவிலேயே ஓடி நாலாவதாக வந்தாள். நான் சொன்ன யோசனையால் ஒரு பதக்கம் போயிற்றோ என்று எனக்கு இன்னும் உறுத்தல் உண்டு. ஆனால் 26 வயது வரை அவள் கால் யாருக்கும் அடமானம் இல்லை.

நம் சங்கத்தில் வக்கீல்கள் பலர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம், தாராவிப் பிள்ளைகள் கொண்டுவரும் காகிதங்களைப் படித்துச் சொன்னால் போதும். கட்டடம் வேண்டாம், நன்கொடை வேண்டாம். நாற்காலி போட நான் வருகிறேன்.