ஐம்பது ஆண்டு காத்திருந்த கச்சேரி

1970 மே 29. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில், கடற்கரைச் சாலையை ஒட்டி 'ஃபேமிலி டாக்' என்றோர் அரங்கு. வழக்கமாக ராக் குழுக்கள் முழங்கும் இடம். அன்று மேடையில் எலெக்ட்ரிக் கித்தார் இல்லை. சரோட் வித்துவான் அலி அக்பர் கான், சித்தாரில் இந்திரனில் பட்டாச்சார்யா, தபேலாவில் 19 வயது இளைஞர் ஒருவர். அந்த இளைஞரின் பெயர் ஜாகிர் உசேன். ஐந்து ஆண்டுகள் கழித்து, சென்னை கடம் வித்துவான் விக்கு விநாயக்ராம், வயலின் எல். சங்கர், கித்தார் ஜான் மெக்லாஃப்லின் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் உலகம் சுற்றப் போகிறவர். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

கச்சேரி முடிந்தது, வந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்த இசை ஆல்பமாக வெளிவந்தது 2020-இல்.

இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளும் அது எங்கே இருந்தது மாணவர்களே? ஒரு நாடாவில். அரை செண்டிமீட்டரைவிடச் சற்றே அகலமான பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் பழுப்பு நிறப் பொடி. உண்மையைச் சொன்னால், நன்கு அரைத்த ஒரு வகைத் துரு.

பதிவு செய்தவர் ஓஸ்லி ஸ்டான்லி. 'கிரேட்ஃபுல் டெட்' என்ற புகழ்பெற்ற ராக் குழுவின் ஒலிப் பொறியாளர். தான் ஒலி அமைத்த நிகழ்ச்சிகளை எல்லாம் பதிவு செய்து, பிறகு போட்டுக் கேட்டு, எங்கே பிசகியது என்று பார்ப்பது அவர் வழக்கம். விற்பதற்காகப் பதிந்தவை அல்ல. ஒலி நாட்குறிப்பு என்றே அவற்றை அழைத்தார். அவர் 2011-இல் இறந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுருள்கள் மிஞ்சின. அவர் பெயரிலான அறக்கட்டளை ஒன்று இப்போது அவற்றை ஒவ்வொன்றாக எண்மமாக்கி வெளியிட்டு வருகிறது. அடுத்து எந்தக் கச்சேரி வரும் என்று ராக் ரசிகர்கள் காத்திருக்கிறார்கள். ஆனால் அறக்கட்டளைக்கோ காத்திருக்க நேரமில்லை. ஏன் என்பதற்கு விடை இயற்பியலிலும் வேதியியலிலும் இருக்கிறது.

முதலில் இயற்பியல். ஒலிவாங்கி ஒலியை மின்னோட்டமாக மாற்றுகிறது. அந்த மின்னோட்டம் 'ஹெட்' எனப்படும் சிறிய மின்காந்தத்தின் வழியே பாய்கிறது. அதை உரசியபடி நாடா ஓடும்போது, நாடாவிலுள்ள இரும்பு ஆக்சைடு துகள்கள் காந்தமாகின்றன. ஒலியின் ஏற்ற இறக்கம் காந்தத்தின் ஏற்ற இறக்கமாகப் பதிந்துவிடுகிறது. திரும்பக் கேட்கும்போது எல்லாம் தலைகீழ்: ஓடும் காந்தம் ஹெட்டின் கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. ஐந்தாம் படிவ இயற்பியல் நூலில் 'அருஹான் எலெக்ட்ரோமேக்னெட்' என்று படிப்பீர்களே, அதேதான். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் ஃபாரடே விதியைத்தான் உங்கள் தாத்தாவின் கேசட் பெட்டி தினமும் பயன்படுத்தியது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நான்காம் படிவத்தில் அலைகள் பாடத்தில் வரும் சமன்பாடு போதும்: வேகம் = அதிர்வெண் × அலைநீளம். கேசட் நாடா ஒரு விநாடிக்கு 4.76 செண்டிமீட்டர் ஓடுகிறது. தபேலாவின் 'டங்' என்ற ஓசையில் கணீரென்று கேட்கும் மேல் பகுதி 10,000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.76-ஐ 10,000-ஆல் வகுத்தால், நாடாவில் ஓர் அலைக்குக் கிடைக்கும் இடம் 0.005 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மனிதத் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாடாவுக்கும் ஹெட்டுக்கும் இடையே அந்த ஓர் அலைநீள அளவுக்கு அழுக்கோ பூஞ்சணமோ புகுந்துவிட்டால், அந்த ஒலியின் வீச்சு ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பழைய கேசட்டில் பாடகர் கம்பளிக்குள் முகம் புதைத்துக்கொண்டு பாடுவது போலக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒலிப்பதிவாளர்கள் பெரிய சுருள் நாடாக்களை விநாடிக்கு 19 அல்லது 38 செண்டிமீட்டர் வேகத்தில் ஓட்டியதன் காரணமும் இப்போது விளங்கியிருக்கும். வேகம் கூடினால் அலைக்கு இடம் கூடும்.

சுருட்டி வைத்த நாடாவில் இன்னொரு வேடிக்கை நடக்கிறது. ஒரு சுற்றிலுள்ள காந்தம் தன்னை ஒட்டியிருக்கும் அடுத்த சுற்றையும் இலேசாகக் காந்தமாக்கிவிடும். ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தால், பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு கணம் முன்பே அவர் குரல் பேய்க்குரல் போல மெல்லக் கேட்கும்! அதனால்தான் ஆவணக் காப்பகங்களில் நாடாவை முன்சுற்றாமல், முடிவுப் பகுதி வெளியே இருக்கும்படி வைக்கிறார்கள். அப்போது அந்தக் கள்ளக் குரல் உண்மைக் குரலுக்குப் பின்னால் வருவதே கூடுதலாக இருக்கும். எதிரொலிதான் என்று நம் காது விட்டுவிடும்.

இனி வேதியியல். துருப்பொடி தானாக பிளாஸ்டிக்கில் ஒட்டாது, பசை வேண்டும். 1970-களின் நடுப்பகுதியிலிருந்து பல நிறுவனங்கள் பாலியஸ்டர் யூரித்தேன் என்ற பசையைப் பயன்படுத்தின. பெயரிலேயே எஸ்டர் இருக்கிறது. எஸ்டரும் நீரும் சேர்ந்தால் எஸ்டர் உடைந்து அமிலமும் ஆல்கஹாலும் பிரியும். இதுவே நீராற்பகுப்பு, உங்கள் நூலில் 'ஹிட்ரோலிசிஸ்'. நீர் எங்கிருந்து வரும் என்கிறீர்களா? காற்றின் ஈரப்பதமே போதும். உண்டாகும் அமிலம் அடுத்த எஸ்டர் உடைவதை விரைவுபடுத்துவதுதான் இதில் மோசமான விஷயம். சில ஆண்டுகளில் பசை இளகிப் பிசுபிசுக்கும். அந்த நாடாவை ஓட்டினால் கிரீச்சிடும், ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் பொடியாக உரிந்து வரும். உரிந்து வருவது வெறும் பொடி அல்ல, பாட்டேதான்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. கேட்டால் சிரிப்பீர்கள்: நாடாவைச் சூட்டடுப்பில் வைப்பது! ஏறக்குறைய 50 முதல் 55 பாகை செல்சியஸ் வெப்பத்தில், பல மணி நேரம், வெப்பத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் அடுப்பில் வைக்கிறார்கள். ஈரம் வெளியேறிப் பசை சில வாரங்களுக்கு மறுபடி இறுகும். அந்தச் சில வாரங்களுக்குள் நாடாவை ஓட்டி எண்மப் பிரதி எடுத்துவிட வேண்டும். தயவுசெய்து வீட்டு அடுப்பில் முயலாதீர்கள். எல்லா நாடாவுக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது. அதற்கு முந்தைய காலத்து அசிட்டேட் நாடாக்கள் வேறு விதமாகக் கெடுகின்றன. வினிகர் வாடை அடிக்கும், மொறுமொறுப்பாகி ஒடியும். அவற்றைச் சூடாக்கினால் கெடுதல் இன்னும் கூடும்.

ராக் ரசிகர்களின் காத்திருப்புக்குப் பெயர் போன கதை ஒன்று உண்டு. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரேட்ஃபுல் டெட் குழு வாசித்த கச்சேரியை பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண் ஒலிப்பதிவாளர் பதிவு செய்தார். பின்னர் அவருக்குப் பணமுடை. நாடாக்களை வைத்திருந்த வாடகைக் கிடங்குக்குக் கட்டணம் கட்ட முடியாமல் போக, 1986-இல் அவை ஏலத்தில் போயின. வாங்கியவர்கள் வெவ்வேறு ஆட்கள். ஒரு பகுதி நாடாக்கள் ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பிடித்தன. ரசிகர்களே அவற்றில் பலவற்றைச் சுத்தம் செய்து பிரதி எடுத்தார்கள். அந்தக் கச்சேரியின் பிரதிகள் கைமாறிக் கைமாறி உலகெங்கும் போயின. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத் தகுந்த ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. ஆனாலும் முறையான ஆல்பமாக வெளிவந்தது 2017 மே மாதத்தில்தான். சரியாக நாற்பது ஆண்டுகள்.

பிரதிதான் எல்லோரிடமும் இருந்ததே, பிறகு எதற்குக் காத்திருந்தார்கள்? காரணம், கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடும். மெல்லிய ஒலிகள் அதில் மூழ்கும். ஒளிநகலை மறுபடி ஒளிநகல் எடுத்தால் எழுத்து மங்குவது போலத்தான். மூல நாடாவிலிருந்து எடுப்பது வேறு. அந்த 2017 வெளியீட்டில் ஓர் அழகான உத்தியையும் கையாண்டார்கள். பதிவு செய்யும்போது நாடாவில் ஒலியோடு சேர்த்து, மனிதக் காதுக்கு எட்டாத மிக உயர் அதிர்வெண் குறிப்பு ஒன்றையும் கருவி செலுத்தும். பதிவு தெளிவாக அமைய அது தேவை. அதன் சுவடு நாடாவில் தங்கியிருக்கும். அது சீரான அதிர்வெண் கொண்டது என்பதால், இன்று அது தள்ளாடினால் நாடாவின் வேகம் அங்கே தள்ளாடியிருக்கிறது என்று பொருள். கணினி அதைக் கடிகாரமாக வைத்து முழு இசையையும் நேர் செய்துவிடுகிறது. வேண்டாத எச்சம் என்று நாற்பது ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளாத ஒன்று! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

எண்மமாக்கும்போது ஒலி அலையின் உயரத்தை ஒரு விநாடியில் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதுகிறார்கள். நம் காதுக்கு எட்டும் உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதைவிட இரு மடங்குக்கு மேல் அளந்தால் ஒலியை முழுமையாக மீட்கலாம். அதனால்தான் குறுந்தட்டில் விநாடிக்கு 44,100 அளவீடுகள். காப்பகங்கள் பெரும்பாலும் 96,000 வரை போகின்றன. ஒவ்வோர் அளவீட்டுக்கும் 24 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள் என்றால் ஒரு மணி நேர இசைக்குச் சுமார் 2 கிகாபைட். கைப்பேசியை எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவும் இதற்குள் வந்துவிட்டது. பீட்டில்ஸ் குழு 1964, 1965-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஹாலிவுட் பௌல் அரங்கில் பாடியபோது ரசிகைகளின் அலறல் இசையை விழுங்கிவிட்டது. பதிவில் மூன்றே தடங்கள். 1977-இல் ஆல்பம் வந்தபோதும் அலறல் குறையவில்லை. 2016 மறுவெளியீட்டுக்காக ஆபி ரோடு ஒலிக்கூடத்துப் பொறியாளர் ஜேம்ஸ் கிளார்க் உருவாக்கிய மென்பொருள், கலந்து கிடந்த குரல், கித்தார், டிரம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்தெடுக்க உதவியது. சாம்பாரிலிருந்து பருப்பையும் புளியையும் திரும்பப் பிரிப்பதைப் போன்ற வேலை. ஒவ்வொரு கருவிக்கும் அதிர்வெண்களின் தனிக் கோலம் உண்டு. அதைக் கொண்டுதான் கணினி பிரிக்கிறது. இதுவரை எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இல்லாத சுரத்தை ஊகித்து நிரப்பத் தொடங்கினால், அது பழைய கச்சேரி அல்ல, புதுக் கச்சேரி. கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும் என்பது என் கட்சி. வகுப்பில் இதை விவாதித்துப் பாருங்கள். என்னோடு மல்லுக்கு நிற்க நான்கு பேராவது இருப்பார்கள்.

2019-இல் யுனெஸ்கோவும் அனைத்துலக ஒலி, காட்சிக் காப்பகங்களின் சங்கமும் காந்த நாடா பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தன. நாடா கெடுவது மட்டும் சிக்கலில்லை, அதை ஓட்டும் கருவிகளும், உதிரிப் பாகங்களும், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் மறைந்து வருகிறார்கள்; 2025 வாக்கில் பல இடங்களில் நாடாவைக் கேட்பதே இயலாமல் போகலாம் என்றன. அந்த ஆண்டு வந்துவிட்டது.

இதெல்லாம் அமெரிக்காவின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1981-இல் ஜொகூர் பாருவில் பிறந்த 'சர்ச்' ராக் குழுவின் 'இசபெல்லா'வை உங்கள் அப்பா அம்மா கேட்டதும் கேசட்டில்தான். அந்தப் பாட்டு பிழைத்துக்கொள்ளும், பிரதிகள் ஏராளம். ஆனால் குளுவாங்கிலோ சிகாமட்டிலோ தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாட்டி பாடியதை யாரோ பதிவு செய்த கேசட்டுக்கு ஒரே பிரதிதான். காப்பகங்கள் 50 விழுக்காட்டுக்கும் குறைந்த ஈரப்பதத்தில் நாடாவை வைக்கின்றன. நம் ஊர்க் காற்றில் சாதாரணமாக 80 விழுக்காடு. பூஞ்சணத்துக்கு விருந்து!

நல்ல வேளையாக, கேசட் நாடாக்களில் அந்தப் பிசுபிசுப்பு நோய் அவ்வளவாக வருவதில்லை. முதலில் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, சிறு சன்னல் வழியே நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளோ நூல் போன்ற படலமோ தெரிந்தால் ஓட்டாதீர்கள். பூஞ்சணம் கருவிக்கும் பரவி, அடுத்த கேசட்டையும் பிடிக்கும், மூச்சுக்கும் நல்லதல்ல. அதைத் தனிப் பையில் போட்டு, தெரிந்தவர்களிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள், ஒலிபெருக்கியின் அருகே வேண்டாம், உள்ளே காந்தம் இருக்கிறது. பிரதி எடுக்கும் நாளில் கேசட் பெட்டியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினிக்குக் கம்பி இணைத்து, எம்பி3-ஆக அல்லாமல் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை: கேசட்டின் மேல் விளிம்பில் இரு மூலையிலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் மடல்களை உடைத்துவிடுங்கள். அதன் பிறகு யாராவது தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அது இறங்காது.